பசளை தூவும் விமானம் எழும்பும்போதே ஏன் விழுகிறது?

விமானம் தாழப் பறந்து எதையோ கொட்டிவிட்டுப் போகிறது என்றால் எங்கள் ஊர்களில் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. சகடை, பொம்பர், கிபிர் என்று சத்தத்தை வைத்தே பெயர் சொல்லப் பழகிய பிள்ளைகள் நாங்கள். பயிருக்கு மருந்தடிக்கவும் மலைச்சரிவுப் புல்லுக்குப் பசளை தூவவும் விமானம் ஓட்டுவதை ஒரு தொழிலாகச் செய்கிறார்கள் என்று முதன்முதலில் வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் நம்பமுடியாமல்தான் இருந்தது. அமெரிக்காவின் பருத்தி, சோளம், நெல் வயல்களிலும், அவுஸ்திரேலியாவின் கோதுமைப் பிரதேசங்களிலும், நியூசிலாந்தின் செம்மறிப் பண்ணைகளிலும் அது சாதாரண வேலை. நாங்கள் உழவு இயந்திரம் வைத்திருப்பவரைக் கூலிக்குப் பிடிப்பதுபோல அங்கே விமானம் வைத்திருப்பவரைப் பிடிக்கிறார்கள்.

அந்த நாடுகளின் உள்ளூர்ப் பத்திரிகைகளில் அவ்வப்போது ஒரு மூன்று வரிச் செய்தி வரும். விவசாய விமானம் ஒன்று புறப்படும்போது உயரம் எடுக்க முடியாமல் விழுந்தது, விமானி இறந்தார், அல்லது காயமடைந்தார், விசாரணை நடக்கிறது. அவ்வளவுதான். ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்று ஆறு கேள்விகளை எங்களுக்கு மனப்பாடமாக்கினார்கள். இடம் போதாவிட்டால் முதலில் வெட்டுப்படுவது ‘ஏன்’ என்பதை வேலைக்கு வந்த பிறகு கண்டேன். இந்த விபத்துகளின் ‘ஏன்’ விசாரணை அறிக்கைகளில் இருக்கிறது. அவை யாரும் எடுத்து வாசிக்கக்கூடியவை. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களைப் பற்றி எழுதிவரும் நான், வேறு நாடுகள் ஒரு மரணத்தை எப்படி விசாரிக்கின்றன என்று பார்க்கப் போய்த்தான் இவற்றை வாசிக்கத் தொடங்கினேன்.

மருந்தடிக்கும் விமானிக்கு ஆபத்து என்றதும் எல்லோரும் நினைப்பது மின்கம்பியில் சிக்குவதைத்தான். பயிருக்கு மேல் இரண்டு மூன்று மீற்றர் உயரத்தில் பறப்பவருக்கு அது பெரிய ஆபத்துத்தான். ஆனால் புறப்பாட்டு விபத்துக்கு வேறோர் இயல்பு இருக்கிறது. கம்பி சட்டென்று கண்முன்னே வந்துவிடும். புறப்பாட்டு விபத்து காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வருவது.

படையிலிருந்து வயலுக்கு

1921 ஒகஸ்ட் 3 ஆம் திகதி அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், ட்ரோய் என்ற ஊருக்கு அருகே, ஜோன் மக்றெடி என்ற இராணுவ விமானி முதலாம் உலகப் போர்க்காலத்துப் பயிற்சி விமானமான கேர்ட்டிஸ் ஜென்னி ஒன்றிலிருந்து புழு பிடித்த கட்டல்பா மரத்தோப்பின் மேல் ஈய ஆசனேற்று என்ற நச்சுத்தூளைத் தூவினார். இந்தத் தொழில் தொடங்கிய நாளாக அதைத்தான் சொல்வார்கள். பிறகு பருத்தியைத் தின்னும் வண்டுக்கு மருந்து தூவவென்று ஒரு நிறுவனமே உருவானது. இன்று உலகம் முழுக்கப் பயணிகளை ஏற்றும் டெல்டா எயார்லைன்ஸ் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது நியூசிலாந்தில் இரண்டு விடயங்கள் மிஞ்சிக் கிடந்தன. ஒன்று, விமானப்படை கழித்த டைகர் மொத் பயிற்சி விமானங்கள். மற்றது, வேலை தேடிக்கொண்டிருந்த போர் விமானிகள். மலைச்சரிவு மேய்ச்சல் நிலங்களுக்கு சுப்பர் பொஸ்பேற்றுப் பசளை தேவைப்பட்டது. உழவு இயந்திரம் ஏற முடியாத சரிவுகள் அவை. 1949 இலிருந்து வான்வழிப் பசளை தூவல் அங்கே வியாபாரமாகியது. இரண்டு பேர் இருக்கும் அந்தப் பயிற்சி விமானத்தில் ஒரு இருக்கையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பசளைத் தொட்டியைப் பொருத்தினார்கள். ஒரு ஆளைச் சுமக்க வடிவமைத்த இடத்தில் பசளையை நிரப்பினார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதே கதை எதிர்த்திசையிலும் நடக்கிறது.

சுமையும் தூரமும்

இன்றைய விவசாய விமானங்கள் இதற்கென்றே கட்டப்படுபவை. அமெரிக்காவின் எயார் ட்ராக்டர் நிறுவனத்தின் 802 என்ற விமானத்தை எடுத்துக்கொள்வோம். பெயரில் உள்ள 8 அதன் தொட்டி 800 அமெரிக்க கலன் கொள்ளும் என்பதைக் குறிக்கிறது. எங்கள் கணக்கில் ஏறத்தாழ 3,000 லீற்றர். ஒற்றை எஞ்சின். ஒரேயொரு விமானி. தண்ணீராக நிரப்பினாலே 3 தொன். சுமையே இல்லாத அந்த விமானத்தின் நிறையும் ஏறத்தாழ அவ்வளவுதான். அதாவது ஒவ்வொரு முறையும் தன் அளவுக்கு இன்னொன்றை முதுகில் வைத்துக்கொண்டுதான் எழும்புகிறது. பயணிகள் விமானம் ஒரு நாளில் சில தடவைகள்தான் புறப்படும். நியூசிலாந்தின் பசளை விமானம் ஒரு சுற்றை ஐந்தாறு நிமிடங்களில் முடித்துவிட்டு மீண்டும் சுமை ஏற்றிக்கொள்ள வந்து நிற்கும். ஒரு நாளில் பல பத்துத் தடவைகள். வேலை மும்முரமான நாளில் அது நூறைத் தாண்டும்.

கட்டுநாயக்க ஓடுபாதையின் நீளம் 3,350 மீற்றர். அங்கிருந்து கிளம்பும் பயணிகள் விமானத்துக்கு ஒரு எஞ்சின் நின்றாலும் மற்றதை வைத்து எழும்பலாம், அல்லது நிறுத்தலாம் என்பது முன்கூட்டியே கணக்கிடப்பட்டிருக்கும். பண்ணை ஓடுபாதை சில நூறு மீற்றர் புல்தரை. முடியும் இடத்தில் வேலி இருக்கலாம், மரம் இருக்கலாம், பள்ளத்தாக்கு இருக்கலாம். எஞ்சின் ஒன்றுதான். அது நின்றால் மற்றது என்ற பேச்சே இல்லை.

இந்தத் தூரக் கணக்கைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பிரித்தானியாவின் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை சிறு விமான ஓட்டிகளுக்கு ஒரு எளிய வழிகாட்டியை வைத்திருக்கிறது. நிறை 10 வீதம் கூடினால் புறப்படத் தேவையான தூரம் 20 வீதம் கூடும். காய்ந்த புல்தரையானால் 20 வீதம், ஈரப் புல்லானால் 30 வீதம். வெப்பநிலை 10 பாகை கூடினால் 10 வீதம். விமானம் தரையை விட்டு எழும்பும் வேகத்தின் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பின்காற்று வீசினால் இன்னொரு 20 வீதம். முக்கியமான விடயம், இவற்றை ஒன்றோடொன்று கூட்டக்கூடாது, பெருக்க வேண்டும்.

கல் போட்ட தரையில் 300 மீற்றரில் எழும்பக்கூடிய ஒரு விமானம் என்று வைத்துக்கொள்வோம். புல்தரை என்றவுடன் 360. சுமை 10 வீதம் கூடினால் 432. வெயில் 10 பாகை ஏறினால் 475. மெல்லிய பின்காற்று சேர்ந்தால் 570. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் எழும்பும் விமானத்துக்கு அந்தப் பின்காற்று மணிக்கு வெறும் 10 கிலோமீற்றர்தான்; ஆறுதலாக மிதிக்கும் சைக்கிளின் வேகம். எந்த ஒன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. நான்கும் ஒன்றாக வரும்போது தேவையான தூரம் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடுகிறது. அங்கே இருப்பது 450 மீற்றர் ஓடுபாதை என்றால்?

வெயில் ஏன் இதற்குள் வருகிறது என்று கேட்கலாம். சூடான வளி விரிந்து ஐதாகிறது. இறக்கை தள்ளிப் பிடிப்பதற்கு வளி குறைவு, சுழல்விசிறி இழுப்பதற்கு வளி குறைவு, எஞ்சின் எரிப்பதற்கும் வளி குறைவு. மூன்றும் ஒரே நேரத்தில் பலவீனமடைகின்றன. கடல் மட்டத்தில் இருக்கும் ஒரு வயலில் வெப்பநிலை 35 பாகை செல்சியஸாக இருந்தால், விமானத்தைப் பொறுத்தவரை அது 700 மீற்றருக்கும் கூடிய உயரத்தில் இருக்கும் மலைநாட்டு ஓடுபாதைக்குச் சமம். தரை அசையவில்லை. ஆனால் விமானத்துக்கு மலை ஏறிவிட்டது.

ஒரு பக்கம் மட்டும் திறந்த பாதை

நியூசிலாந்துப் பண்ணைகளில் ஓடுபாதையை அநேகமாக மலையின் முகட்டில் அமைக்கிறார்கள். பசளை போட வேண்டிய நிலத்துக்கு மேலேயே ஓடுபாதை இருந்தால் சுமையோடு உயரம் ஏறத் தேவையில்லை. பாதை சரிவாக இருக்கும். வெறுமையாக வரும்போது மேல்நோக்கி இறங்கி ஓடி நிற்பார்கள். சுமையோடு போகும்போது கீழ்நோக்கி ஓடி விளிம்பில் எழும்புவார்கள். சரிவு வேகம் எடுக்க உதவுகிறது. கெட்டித்தனமான ஏற்பாடுதான்.

பிரச்சினை என்னவென்றால் இந்தப் பாதையைத் திருப்ப முடியாது. சமதரை ஓடுபாதையில் காற்று திசை மாறினால் மறுமுனையிலிருந்து புறப்படலாம். இங்கே காற்று எங்கிருந்து வந்தாலும் கீழ்நோக்கித்தான் போக வேண்டும். காலையில் எதிர்க்காற்றாக இருந்தது பத்து மணிக்குப் பின்காற்றாகிவிடும். முகட்டுக்குப் பின்னாலிருந்து வீசும் காற்று சரிவோடு கீழே இறங்கும். விளிம்பைத் தாண்டிய விமானத்தையும் தன்னோடு கீழே இழுக்கும்.

இதில் ஒரு ஏமாற்றும் இருக்கிறது. தரைக்கு மிக அருகே, இறக்கையின் அகலத்தைவிடக் குறைந்த உயரத்தில், விமானம் மிதப்பது சுலபம். தரை இறக்கைக்கு அடியில் ஒரு மெத்தைபோல வேலை செய்கிறது என்று சொல்லலாம். போதிய வேகம் இல்லாவிட்டாலும் சில்லு தரையை விட்டுக் கிளம்பிவிடும். எழும்பிவிட்டோம் என்று விமானி நினைப்பார். வேலியைத் தாண்ட மூக்கை உயர்த்தும்போது, அல்லது முகட்டின் விளிம்பில் தரை விலகும்போது அந்த மெத்தை இல்லாமல் போகிறது. விமானம் பறப்பதை நிறுத்துகிறது. தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் நல்லாத்தான் எழும்பினது, பிறகு தானாக் கீழே போச்சுது என்றுதான் சொல்வார்கள்.

சுமையை ஏற்றுபவர் விமானி அல்ல. லோடர் ஓட்டும் ஒருவர் தரையில் இருக்கிறார். ஒரு வாளி அள்ளினால் எவ்வளவு நிறை என்பது அவருக்குக் கைப்பழக்கம். ஆனால் ஒரு வாளி யூரியாவும் ஒரு வாளி சுண்ணாம்புத் தூளும் ஒரே நிறையல்ல. சுண்ணாம்பு மிகவும் பாரமானது. காலையில் எரிபொருள் நிரம்ப இருக்கும்போது பசளையைக் குறைக்க வேண்டும், எரிபொருள் தீரத் தீரக் கூட்டலாம். எரிபொருளை மீண்டும் நிரப்பியதும் பசளையை மறுபடி குறைக்க வேண்டும். இதை முப்பதாவது தடவையும் மறக்காமல் செய்ய வேண்டும். பசளைக் கொட்டிலுக்கு ஒழுங்கான கூரை போடாமல் விட்டவர் பண்ணைக்காரர் என்றால், ஈரம் குடித்த பசளை தொட்டிக்குள் கட்டியாகிவிடும். இந்த இடத்தில்தான் விமானியின் கடைசித் துணையும் கைவிடுகிறது.

ஐந்து செக்கன்

அந்தக் கடைசித் துணை ஒரு நெம்புகோல். இழுத்தால் தொட்டியின் அடிக்கதவு திறந்து சுமை முழுக்க ஒரேயடியாகக் கொட்டும். வேறு எந்தச் சிறு விமானத்துக்கும் இல்லாத வசதி இது: ஆபத்து வந்தால் சில செக்கன்களில் தன் நிறையில் பெரும் பங்கைத் தூக்கி எறிந்துவிடலாம். தொட்டியின் உச்சக் கொள்ளளவில் 80 வீதமாவது ஐந்து செக்கனுக்குள் வெளியேற வேண்டும் என்று நியூசிலாந்துச் சட்டம் கேட்கிறது. அதே சட்டம், சான்றிதழில் குறித்த உச்ச நிறையைவிடக் கூடிய நிறையோடு விவசாய விமானங்கள் புறப்படுவதையும் சில நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. கொட்ட முடியும் என்பதால்தான் கூடுதலாக ஏற்றலாம்.

காகிதத்தில் சரியாகத்தான் படுகிறது. ஆனால் மணிக்கு 100 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 28 மீற்றர். ஐந்து செக்கனில் விமானம் 140 மீற்றர் போய்விடும். 400 மீற்றர் பாதையில் மூன்றில் ஒரு பங்கு அது. இது சரிவராது என்று உணர எடுக்கும் நேரம், கையை நெம்புகோலுக்குக் கொண்டுபோகும் நேரம் எல்லாம் அதற்கு மேல். ஆகவே கொட்டுவதா இல்லையா என்பதை ஓடத் தொடங்கிய பிறகு யோசிக்க முடியாது. பாதையின் ஓரத்தில் ஒரு அடையாளத்தை முன்கூட்டியே வைத்துக்கொண்டு, அங்கே வரும்போது இவ்வளவு வேகம் வராவிட்டால் கேள்வியே இல்லாமல் கொட்டுவது என்று முடிவெடுத்திருக்க வேண்டும்.

ஏன் தயங்குகிறார்கள்? நூறு தடவை அதே பாதையில் எழும்பியவருக்கு நூற்றோராவது தடவையும் எழும்பும் என்றுதான் தோன்றும். கொட்டினால் பசளைக் காசு நட்டம். பாதையின் முனையில் ஒரு தொன் பசளை குவிந்து கிடக்கும். பண்ணைக்காரர் பார்த்துக்கொண்டு நிற்பார். வேலைக்குக் கூலி தொன் கணக்கில் அல்லது ஏக்கர் கணக்கில். சுமையைக் குறைத்தால் சுற்றுகள் கூடும், எரிபொருள் கூடும், வேலை இருட்டுக்குள் முடியாது. நெம்புகோலை இழுத்தும் ஈரப் பசளை கட்டியாகிக் கீழே விழாமல் நிற்பதும் உண்டு. கொட்டினாலும் வேலை முடிவதில்லை. திடீரென்று பாதி நிறையை இழந்த விமானம் மூக்கை மேலே தூக்கும். அதைக் கீழே அழுத்திப் பிடிக்காவிட்டால் வேகம் செத்துவிடும்.

அறிக்கையின் முடிவில் இவையெல்லாம் பெரும்பாலும் ஒரு வசனத்துக்குள் சுருங்கிவிடும்: விமானி நிலைமைகளுக்குப் பொருத்தமான சுமையைத் தெரிவுசெய்யவில்லை, அல்லது உரிய நேரத்தில் சுமையைக் கொட்டவில்லை. செய்தியாளர் அதை இன்னும் சுருக்கி ‘விமானியின் தவறு’ என்று எழுதுவார். பொய் என்று சொல்லமாட்டேன். நெம்புகோல் அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் பாதையை எங்கே வெட்டுவது என்று தீர்மானித்தவர், பசளையை நனையவிட்டவர், வாளியை அள்ளியவர், வேலையைத் தொன் கணக்கில் பேசியவர், கூடுதல் நிறைக்குச் சட்டத்தில் இடம் விட்டவர் எல்லோரும் அந்த ஓடுபாதையில் இருக்கிறார்கள். விழும்போது மட்டும் உள்ளே ஒருவர்தான்.

விழுந்தாலும் அந்த ஒருவர் பிழைக்க வேண்டும் என்று யோசித்தவர் பிரெட் வைக். அமெரிக்காவின் ரெக்சஸ் மாநிலத்தில், ரெக்சஸ் ஏ அன்ட் எம் கல்லூரியில் அவர் வடிவமைத்த ஏஜி-1 என்ற விமானம் 1950 டிசம்பர் 1 ஆம் திகதி பறந்தது. அதில் விமானி உயரத்தில், தொட்டிக்குப் பின்னால் இருப்பார். மோதினால் முதலில் எஞ்சினும் பிறகு தொட்டியும் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். விமானி இருக்கும் கூடு கடைசிவரை உடையாது. தோளையும் இடுப்பையும் சேர்த்துக் கட்டும் பட்டியும் உண்டு. இன்றுவரை அமெரிக்க விவசாய விமானங்கள் எல்லாமே கூனல் விழுந்ததுபோல ஒரே சாயலில் இருப்பதற்கு இந்த யோசனைதான் காரணம். இதனால் பிழைத்தவர்கள் பலர். தீயும், உடைந்த தொட்டியிலிருந்து ஒழுகும் பீடைநாசினியும் வேறு கதை. காப்பாற்ற ஓடிவருபவருக்கும் அது தோலின் வழியே ஏறும். வெறும் மேலோடு மருந்தடித்துவிட்டு மயங்கி விழுந்தவர்களைக் கண்ட எங்கள் ஊராருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஃபொக்ஸ் கிளேசியர்

நியூசிலாந்தின் பசளை விமானமான ஃபிளெச்சர் வேறு வடிவம். அமெரிக்காவில் வடிவமைக்கப்பட்டு 1954 இல் முதலில் பறந்தது. பின்னர் நியூசிலாந்திலேயே கட்டினார்கள். இதில் விமானி முன்னால், தொட்டி அவருக்குப் பின்னால். தொட்டி இருப்பது விமானத்தின் சமநிலைப் புள்ளிக்கு அண்மையில். நிரம்பினாலும் காலியானாலும் சமநிலை பெரிதாக மாறாது. பசளைக்கு இது சரி. அந்தத் தொட்டியைக் கழற்றி எடுத்தால் உள்ளே நல்ல பெரிய வெற்றிடம் கிடைக்கும். விமானத்திலிருந்து பரசூட்டில் குதிக்கச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச்செல்பவர்களுக்கு அப்படி ஒரு இடம் தேவைப்பட்டது. டைகர் மொத்தில் ஆள் இருந்த இடத்தில் பசளையை வைத்தார்கள் என்றேன். இங்கே பசளை இருந்த இடத்தில் ஆட்களை வைத்தார்கள்.

2010 செப்டெம்பர் 4 அதிகாலை 4.35 மணிக்குக் கிரைஸ்ட்சேர்ச் நகரத்தை அண்டிய பகுதியை 7.1 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியது. நாட்டின் கண் முழுக்க அங்கே இருந்தது. அன்று பிற்பகல் அதே தென் தீவின் மேற்குக் கரையில், ஃபொக்ஸ் கிளேசியர் என்ற சிறிய ஊரின் ஓடுபாதையில், பசளை விமானமாக இருந்து மாற்றியமைக்கப்பட்ட ஒரு ஃபிளெச்சர் புறப்பட்டது. விமானி, நான்கு பரசூட் பயிற்றுநர்கள், அவர்களோடு சேர்ந்து குதிக்கவிருந்த நான்கு இளம் பயணிகள். அந்த நால்வரும் அவுஸ்திரேலியா, இங்கிலாந்து, ஜேர்மனி, அயர்லாந்து ஆகிய நாடுகளைச் சேர்ந்தவர்கள். எழும்பியதும் மூக்கு வழமைக்கு மாறாக மிகவும் செங்குத்தாக உயர்ந்தது. பிறகு விமானம் ஒரு பக்கம் சரிந்து, ஓடுபாதையை அண்டிய புல்வெளியில் விழுந்து தீப்பற்றியது. ஒன்பது பேரும் இறந்தார்கள்.

நியூசிலாந்தின் போக்குவரத்து விபத்து விசாரணை ஆணைக்குழு 2012 இல் அறிக்கை வெளியிட்டது. விமானத்தின் சமநிலைப் புள்ளி அனுமதித்த எல்லையைவிட 12 சென்ரிமீற்றர் பின்னால் இருந்தது என்று அது கண்டது. 12 சென்ரிமீற்றர் ஒரு பெரிய விடயமா? பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் கரியரில் விறகும் மூடையும் கட்டியவர்களைக் கேளுங்கள். மூடை ஒரு சாண் பின்னுக்குப் போனால் முன்சில்லு தரையில் நிற்காது. ஹான்டிலைத் திருப்பலாம், சைக்கிள் திரும்பாது. விமானத்திலும் அதுதான்: மூக்கு மேலே போகும், அதைக் கீழே கொண்டுவர வால்பகுதிக்குப் பலம் போதாமல் போகலாம். உள்ளே இருந்தவர்கள் இருக்கைப் பட்டியால் கட்டப்பட்டிருக்கவில்லை. மூக்கு உயர்ந்தால் அவர்கள் பின்னால் வழுக்கியிருக்கக்கூடும். அது நிலைமையை இன்னும் மோசமாக்கும். மாற்றியமைத்த விமானத்தின் நிறையும் சமநிலையும் ஒழுங்காகக் கணக்கிடப்படாமலே அது சேவைக்கு வந்திருந்தது. பசளையானால் அதை அள்ளிப் போடும்போதாவது ஒருவர் நிறையை யோசித்திருப்பார் என்று எனக்குப் படுகிறது.

விடயம் அத்தோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை, ஏனென்றால் குடும்பங்கள் அந்த அறிக்கையை வாசித்தார்கள். வாசித்துவிட்டுக் கேள்வி கேட்டார்கள். பசளைத் தூளும் மனிதர்களும் ஏற்றிய அதே வகை விமானங்கள் பின்பாரத்தோடு பறந்திருக்கின்றனவே, இது மட்டும் ஏன் விழுந்தது? கட்டுப்பாட்டுத் தொகுதியில் ஏதாவது முறிந்திருக்கலாமா? பார்ப்பதற்கு விமானத்தின் சிதைவு வேண்டும். விபத்து நடந்து சில நாட்களிலேயே சிதைவின் பெரும்பகுதி அந்த ஓடுபாதை நிலத்திலேயே புதைக்கப்பட்டுவிட்டது என்பது அப்போதுதான் பெரிதாக வெளியே பேசப்பட்டது.

அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 13 ஆவது இணைப்பு, விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பதுதான், யாரையும் குற்றவாளியாக்குவதல்ல என்கிறது. அதில் நியாயம் இருக்கிறது. தண்டனைக்குப் பயந்தால் யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த நியாயம் ஒரு நிபந்தனையில் தொங்குகிறது: விசாரிப்பவர்கள் சான்றைக் காப்பாற்ற வேண்டும். 2010 ஆம் ஆண்டு இலங்கையிலும் ஒரு ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. ஆணைக்குழு என்ற சொல்லைக் கேட்டதும் இந்தக் கட்டுரையை வாசிப்பவர்களில் பலருக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவது சரியல்ல. நியூசிலாந்துக் குடும்பங்கள் கேட்டார்கள், ஊடகங்கள் தோண்டின, ஆணைக்குழு தன் சொந்த அறிக்கையை மறுபடி திறந்தது. அப்படி ஒரு திறப்புக்காக எங்கள் தாய்மார் இன்னும் வீதியோரத்தில் இருக்கிறார்கள்.

திருத்திய அறிக்கை 2015 இல் வந்தது. பின்பாரம் மட்டுமே அந்த விமானத்தை விழுத்தியிருக்கும் சாத்தியம் குறைவு என்று முதல் முடிவிலிருந்து அது விலகியது. மூக்கு ஏன் அவ்வளவு செங்குத்தாக உயர்ந்தது என்பதை நிறுவ முடியவில்லை என்றும் சொன்னது.